பரோட்டாக் கல்லுக்கு எதிரே மாட்டும் ஆர்டர் திரையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மண்டபம் கல்லாக்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் ராமேஸ்வரம் நெடுஞ்சாலையை ஒட்டி அப்பா 27 வருடமாக ஓட்டல் நடத்துகிறார். 14 மேசை. மதியம் மீன்குழம்புச் சாப்பாடு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பரோட்டா, தோசை, இடியாப்பம், மீன் வறுவல். ராத்திரிக் கல்லாவில் உட்காருவது நான்.

எங்கள் கடையில் ஆர்டர் எப்போதும் குரலில்தான் போகும். சப்ளையர் மேசையடியில் நின்றபடியே, "நாலு பரோட்டா, ஒரு முட்டைக் கொத்து, ரெண்டு கலக்கி" என்று சத்தம் கொடுப்பார். பரோட்டா மாஸ்டர் அண்ணன் தலையைத் திருப்பக்கூட மாட்டார். ஆனால் எட்டு மேசைக் கணக்கு அவர் மனதில் வரிசையாக நிற்கும். எது முதலில் வந்தது, எந்த மேசையில் குழந்தை இருக்கிறது, எது பார்சல், எல்லாம். 19 வருடமாக எங்கள் கல்லில் நிற்கிறவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதல் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றிக் கொடுத்தவர்.

போன வருடத்திலிருந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கொத்து அடிக்கிற சத்தத்துக்கும் புகைபோக்கி விசிறிக்கும் பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்றவர். சத்தத்தால் வந்ததுதான் என்று டாக்டரும் சொன்னார். வேறு ஆள் பார்க்கலாமே என்று சிலர் அப்பாவிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவருடைய கையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன. காதுக்குப் போய்க்கொண்டிருந்த ஆர்டரைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சீட்டு அடிக்கும் தெர்மல் பிரிண்டர் வைத்தோம். அடுப்புப் பக்கம் தொங்கவிட்ட சீட்டு கொஞ்ச நேரத்தில் கருத்துவிடுகிறது. எண்ணெய் பட்டால் எழுத்து மறைகிறது. அப்புறம் பில் மென்பொருள் விற்கிற ஒரு நிறுவனத்திடமிருந்து 'கிச்சன் டிஸ்ப்ளே' என்று 10 அங்குல டேப்லெட் ஒன்று வாங்கி மாட்டினோம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அது எங்களைக் கைவிட்டது.

அன்று தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்று வேன்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. ஒரே நேரத்தில் 50 பேருக்கு மேல். டேப்லெட்டில் ஆர்டர் எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக ஆங்கிலத்தில் வந்தது. மாஸ்டர் அண்ணன் தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. முடித்த கட்டத்தைத் தொட்டால் அது மறைய வேண்டும். மாவும் எண்ணெயுமாக இருக்கிற விரலுக்கு அது நாலு முறைக்கு ஒரு முறைதான் மசிந்தது. மசிகிறபோது பக்கத்துக் கட்டமும் சேர்ந்து போய்விடும். அதைவிட மோசம், ஒன்று மறைந்ததும் மீதி எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்துகொள்ளும். மூன்றாவது கட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு கல்லுக்குத் திரும்பி, மறுபடி நிமிர்ந்தால் அங்கே வேறு மேசை நிற்கும். 9-ஆம் மேசைக் கொத்து 11-க்குப் போனது. சுவரோரம் உட்கார்ந்திருந்த வயதான தம்பதி 40 நிமிடம் காத்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கூப்பிட வாய் வரவில்லை. மாஸ்டர் அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நாலே மாதத்தில் அந்த டேப்லெட்டின் சார்ஜ் துளை பச்சை பூத்து, அதோடு அது நின்றும் போனது.

இப்போது என் தம்பி தானே செய்து தருகிறேன் என்கிறான். ராமநாதபுரத்தில் கணினி படிக்கிறான். கல்லாவில் நான் அடிப்பது சமையலறைத் திரையில் வருகிற வரைக்கும் செய்துவிட்டான். அதில் என்ன காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதில்தான் நிற்கிறோம். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும்? எல்லா ஆர்டரையும் எல்லோருக்கும் காட்டலாமா? தொடுதிரையா, பட்டனா? இந்த உப்புக்காற்றில் எது நிற்கும்? சமையலறையில் நின்று பழகியவர்கள் சொல்லுங்கள். 25,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

கீழக்கரை அடுப்படி

சகோதரி, உங்கள் மாஸ்டருக்காக நீங்கள் இவ்வளவு யோசிப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நான் துபாயில் ஒரு பெரிய உணவகத்தில் 11 வருடம் இருந்தேன். கடைசி ஆறு வருடம் 'பாஸ்' என்கிற மேடையில். பல அடுப்பிலிருந்து வரும் தட்டுகள் ஒன்றுசேர்ந்து மேசைவாரியாகப் பிரிந்து போகிற இடம் அது. மேலே நாலு திரை ஓடும்.

எழுத்தையும் தொடுதலையும் அப்புறம் பார்க்கலாம். உங்கள் டேப்லெட்டின் முதல் தப்பு, பில்லை அப்படியே அடுப்புக்கு அனுப்பியது. மேசைவாரியாகப் பிரித்த ஆர்டர், தட்டுக் கட்டி அனுப்புகிறவருக்குத்தான் வேண்டும். கல்லில் நிற்பவருக்கு மொத்தம் வேண்டும். ஐந்து மேசையில் 4, 6, 3, 8, 2 என்று வந்தால் அவர் மனதில் ஓடுவது 23 என்ற ஒரே எண்தான். குரலில் ஆர்டர் போனபோது உங்கள் மாஸ்டர் இந்தக் கூட்டலைத் தானே செய்துகொண்டார். டேப்லெட் அதைச் செய்து கொடுக்காமல் துண்டு துண்டாக உடைத்து அவர் முன்னால் கொட்டியது. அங்கே நாங்கள் இந்த மொத்தத்தை 'ஆல் டே' என்போம். கூட்டம் ஏறினால் எல்லா அடுப்பும் அதைத்தான் பார்க்கும்.

ஆகவே இரண்டு திரை வையுங்கள். கல்லுக்கு எதிரே ஒன்று. அதில் கல்லில் போடுகிற சாமான் மட்டும், மொத்தமாக. மீன் வறுவலும் இடியாப்பமும் அதில் வரவே கூடாது. தட்டுக் கட்டும் மேடைக்கு மேலே இன்னொன்று, மேசைவாரியாக. ஒரு மேசைக்கு எல்லாம் சேர்ந்ததும் மேடையில் நிற்பவர் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால், கல்லுத் திரையில் மொத்தம் தானாகக் குறையட்டும்.

கட்டம் நகர்வதைப் பற்றி. வேலை வேகம் ஏறிய பிறகு சமையல்காரர் திரையை வாசிக்க மாட்டார், இடத்தைத்தான் ஞாபகம் வைப்பார். 'நடு வரிசையில் இடது பக்கம் இருப்பது அவசரம்' என்று ஒரு படம் அவருக்குள் இருக்கும். கட்டத்தை நகர்த்தினால் அந்தப் படம் கலைந்துவிடும். பல மென்பொருட்களில் முன்னால் நகர்த்துவதுதான் வழக்கம், பழசு எப்போதும் முதலில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஒத்துவந்ததே இல்லை. காலியான இடம் காலியாகவே இருக்கட்டும், புதிது வந்து அதில் உட்காரட்டும். எது பழசு என்று தெரிய ஒவ்வொரு கட்டத்திலும் நிமிடம் ஓடினால் போதும்.

நிறத்தை இரண்டே முறை மாற்றுங்கள். சாதாரணம், தாமதம், மிகத் தாமதம். அந்த எல்லையையும் உங்கள் கடையின் நல்ல நாள் ஒன்றைப் பார்த்து வையுங்கள். ஏழு நிமிடத்திலேயே சிவப்பு வந்தால் கூட்ட நாளில் திரை முழுக்கச் சிவந்து, யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வாடிக்கையாளர் ஆர்டரை மாற்றினால் பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடக் கூடாது. கோடு போட்ட நிலையில் அங்கேயே நிற்கட்டும், மேடையில் இருப்பவர் பார்த்தேன் என்று அழுத்தும் வரை. தவறி எடுத்துவிட்ட கட்டத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு பட்டனும் வேண்டும். அது இல்லாத திரையை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. மீன் பொரிய 12 நிமிடம் ஆகும், பரோட்டாவுக்கு அவ்வளவு ஆகாது. ஒரே மேசைக்கு இரண்டும் இருந்தால், அந்தப் பரோட்டா சில நிமிடம் கழித்துத்தான் கல்லுத் திரையில் வர வேண்டும். அப்போதுதான் இரண்டும் சூடாக ஒன்றாய்ப் போகும்.

ராமேஸ்வரம் சால்டரிங்

தங்கச்சி, நான் டிவியும் படகு ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் பழுது பார்க்கிறவன். உப்போடுதான் என் பிழைப்பு.

டேப்லெட், போன் எல்லாவற்றிலும் இருக்கிற தொடுதிரை, விரலால் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தைப் பார்த்து வேலை செய்கிறது. தண்ணீர்த் துளியையும் விரல் என்றே நினைத்துக்கொள்ளும். எண்ணெயும் மாவும் அப்பிய விரலைச் சரியாகக் கண்டுகொள்ளாது. உங்கள் மாஸ்டர் மேல் குற்றமே இல்லை. பட்டனுக்குப் போய்விடுங்கள். கணினிக் கடையில் எண்கள் மட்டும் உள்ள யூஎஸ்பி விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன்மேல் மெல்லிய சிலிகான் உறை போடுங்கள். மேடைத் திரையைக் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று ஒன்பது கட்டமாகப் பிரித்தால், விசைப்பலகையில் 7, 8, 9 மேல் வரிசை, 4, 5, 6 நடு, 1, 2, 3 கீழ். எந்த இடத்துக் கட்டமோ அந்த இடத்து விசை. கட்டம் நகரக் கூடாது என்று மேலே சொன்னாரே, அதுவும் இதோடு பொருந்துகிறது. ஈரக் கையோ எண்ணெய்க் கையோ, முழங்கையால்கூட அழுத்தலாம்.

உப்பு விஷயம். உங்கள் ஊரில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்கிற துருத்தடுப்புப் பூச்சும் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காற்று உங்கள் அடுப்படிக்குள் வந்து, எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து பசையாக ஒட்டுகிறது. பசையில் உப்பு தங்கும், உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான இணைப்பில் நாள் முழுக்க மின்னழுத்தம் நின்றால் செம்பு வேகமாகக் கரையும். சார்ஜ் துளை பச்சையாகிப் போனதற்கு இதுதான் காரணம்.

அதனால் அடுப்படியில் மின்னணுச் சாமானை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். கணினி கல்லாவிலேயே இருக்கட்டும். அங்கிருந்து எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் உள்ளே போய் டிவியில் முடியட்டும். இணைப்பைச் செருகிய பிறகு சிலிகான் கிரீஸ் தடவி மூடிவிடுங்கள், அடிக்கடி கழற்ற வேண்டாம். விசிறி வைத்த எந்தப் பெட்டியும் உள்ளே வேண்டாம், விசிறி உப்பை உள்ளிழுக்கும். சாதாரண டிவி 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று அதன் புத்தகத்திலேயே போட்டிருக்கும். கல்லுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். எதிர்ச் சுவரில், புகை போகிற பாதைக்கு விலகி மாட்டுங்கள். முன்னால் கழற்றித் துடைக்கிற மாதிரி அக்ரிலிக் தகடு ஒன்று. மாட்டுகிற கொக்கி 316 வகை எவர்சில்வராக இருந்தால் நல்லது. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பில் புள்ளி விழுவது குறைவு. நம் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் 304 கடலோரத்தில் புள்ளி விட்டுவிடும்.

திரை நின்றுபோனால் சீட்டு தானாக அடிக்கிற மாதிரி பழைய பிரிண்டரை இணைப்பிலேயே வைத்திருங்கள். அடுப்புப் பக்கத்துக்கு ரிப்பன் வைத்த பழைய டாட் மேட்ரிக்ஸ்தான் சரி. அந்தத் தாள் சூட்டில் கருக்காது.

ராமநாதபுரம் பேனர் டிசைன்

அக்கா, எழுத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் என் வேலை.

சமையலறைச் சீட்டு ஆங்கிலத்தில் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. சீட்டு அடிக்கும் சிறிய பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்து உள்ளேயே இருக்காது. தமிழ் வேண்டுமானால் படமாக்கித்தான் அடிக்க வேண்டும். விற்கிறவர்கள் அந்தச் சிரமம் இல்லாமல் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள், அதே பட்டியல் டேப்லெட்டுக்கும் வந்துவிடுகிறது. டிவித் திரைக்கு அந்தத் தடை கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் என்ற எழுத்துருக்கள் இரண்டும் இலவசம், இரண்டும் தூரத்தில் தெளிவாகத் தெரியும். மிகத் தடித்த எழுத்து வேண்டாம், 'ண', 'ணை' எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு கருப்புக் கட்டியாகத் தெரியும். நடுத்தரத் தடிப்பு போதும்.

பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 10 அடிக்கு 1 அங்குல எழுத்து. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. தமிழில் வளைவும் சுழியும் அதிகம், 'மு' என்பதற்கும் 'மூ' என்பதற்கும் கீழே ஒரு வளைவுதான் வித்தியாசம். மாஸ்டருக்கும் சுவருக்கும் 8 அடி என்று வைத்துக்கொண்டால் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேலே 'கி', 'ட்', கீழே 'மூ' எல்லாம் முட்டாமல் இருக்க வரிக்கு வரி இடைவெளி எழுத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும், ஆக ஒரு வரிக்கு 4 செ.மீ. 32 அங்குல டிவியின் உயரமே 40 செ.மீ.தான். மொத்தம் பத்து வரி! கல்லுத் திரையில் மேசைவாரி ஆர்டர் வைக்க இடமே கிடையாது. கீழக்கரை அண்ணன் சொன்ன மொத்தக் கணக்கு மட்டும்தான் அங்கே பிடிக்கும். ஒன்பது கட்டம், ஒவ்வொன்றிலும் பெயர் 1 அங்குலத்தில், எண் 2 அங்குலத்தில். மேடைத் திரையை மூன்றடியில் நின்று பார்க்கப் போகிறார்கள், அங்கே 1 செ.மீ. எழுத்து வைத்தால் கட்டத்துக்கு எட்டு வரி வரை வரும்.

எண் முன்னால், பெயர் பின்னால். '6 கொத்து' என்றுதான் வாயால் சொல்கிறோம், கண்ணும் அப்படித்தான் எதிர்பார்க்கும். வெளிச்சமான சமையலறையில் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து வையுங்கள். கருப்புத் திரையில் எண்ணெய்க் கறையும் டியூப் லைட்டும்தான் தெரியும். அப்புறம், சிவப்பு பச்சை பிரித்தறியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு, பலருக்குத் தங்களுக்கு அப்படி என்றே தெரியாது. தாமதத்துக்கு நிறத்தோடு தடித்த கரையும் போடுங்கள்.

தொண்டி பரோட்டா

நான் சொல்கிறேன், என் மகன் அடிக்கிறான். 31 வருடமாகக் கல்லில் நிற்கிறேன்.

தங்கச்சி, எல்லோரும் சொன்னது நல்ல யோசனை. ஆனால் கீழக்கரைக்காரர் பரோட்டாவைச் சில நிமிடம் மறைத்துவைத்துக் காட்டச் சொன்னாரே, அதை மட்டும் செய்யாதீர்கள். மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறவைத்துத்தான் வேலையை ஆரம்பிக்கிறோம். அதற்கப்புறம் வீச வேண்டும், சுருட்ட வேண்டும், சுருட்டியது கொஞ்சம் அடங்க வேண்டும். அடங்காமல் தட்டினால் சுருங்கிக்கொண்டு வரும், அடுக்கு பிரியாது. என் கல்லில் ஒரு தடவைக்கு 20 பிடிக்கும். திரையில் 6 என்று பார்த்து ஆறு போட்டு எடுத்தபின், திடீரென்று 14 என்று எழுந்தால் நான் வீசவே இல்லையே! எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வேன் வந்து நின்றதும் சப்ளையர் ஆள் கணக்கைச் சொன்னாலே நான் வீச ஆரம்பித்துவிடுவேன்.

அதனால் பரோட்டாவுக்கு இரண்டு எண் கொடுங்கள். இப்போது போடவேண்டியது பெரிதாக. வரப்போவது அதற்குக் கீழே சின்னதாக, வெளிறிய நிறத்தில்.

கொத்துக்குப் பரோட்டா தனியாக வானத்திலிருந்து வராது. ஒரு கொத்துக்கு நான் இரண்டு பரோட்டா பிய்ப்பேன். மூன்று கொத்து என்றால் பரோட்டாக் கணக்கில் 6 ஏற வேண்டும். உங்கள் தம்பி இதைப் போட்டாரா என்று கேளுங்கள். நான் பார்த்த கடைத் திரையில் போடவில்லை, கொத்து வரும்போதெல்லாம் பரோட்டா குறைந்துபோகும்.

மேசை எண், சால்னா தனி, வெங்காயம் தனி, இதெல்லாம் எனக்கு வேண்டாம். என்னை எதையும் அழுத்தவும் சொல்லாதீர்கள். கொத்து அடிக்கும்போது பீப் சத்தமும் கேட்காது, காது நன்றாக இருக்கிற எனக்கே கேட்காது. புதிதாக ஏதாவது ஏறினால் அந்தக் கட்டம் நாலைந்து நொடி மின்னட்டும், ஓரக்கண்ணில் தெரிந்துவிடும்.

என் கையாள் ஒடிசாப் பையன். தமிழ் பேசுவான், வாசிக்க மாட்டான். அப்படி யாராவது இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் படம் வையுங்கள். முட்டை, கொத்துத் தகடு, இலை. அவனும் பார்த்து எடுத்துவைப்பான்.

மண்டபம் கல்லாக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தொண்டி அண்ணன் எழுதியதை மாஸ்டர் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "கல்லில் நின்றவன் பேச்சு" என்றார்.

செய்தது இதுதான். எதிர்ச் சுவரில் 32 அங்குல டிவி, கல்லிலிருந்து ஏழரை அடி. மேடைக்கு மேலே வீட்டில் சும்மா கிடந்த பழைய கணினித் திரை. கணினி கல்லாவில். தம்பி கொத்துக் கணக்கைப் போட்டிருக்கவில்லை, இப்போது போட்டுவிட்டான். கொத்துக்கு இரண்டு என்றுதான் முதலில் வைத்தோம், மாஸ்டர் அண்ணன் கோழிக் கொத்துக்கு ஒன்றரைதான் போடுகிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் கையைப் பார்த்து அதையும் மாற்றினோம்.

பெயர்களையும் அவர் சொல்கிறபடியே வைத்தோம். பில்லில் 'பிளெயின் பரோட்டா' என்று இருப்பது திரையில் 'சாதா'. மேடைத் திரையில் மீனுக்கும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் வஞ்சிரம் என்று கேட்பார்கள், பில்லிலும் வஞ்சிரம்தான், அடுப்படிக்கு அது சீலா. கல்லாவில் நான் எந்தப் பெயரில் அடித்தாலும் உள்ளே சீலா என்று விழுகிறது.

முதல் நாள் மாஸ்டர் அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. சப்ளையர்கள் வழக்கம்போலச் சத்தமும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் எட்டரை மணிக்குக் கூட்டம் ஏறியபோது அவர் ஒரு தடவை நிமிர்ந்தார். அப்புறம் கல் நிறைகிற ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தார். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் சேர்ந்து வந்தன. பரோட்டாக் கட்டத்தில் 18, அதன் கீழே வெளிறி 22. அவர் 22-ஐப் பார்த்துவிட்டுக் கையாளிடம் இன்னொரு தட்டு உருண்டை எடுக்கச் சொன்னார். யாரும் அவரிடம் எதையும் இரண்டாம் முறை கத்திச் சொல்லவில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசைப்பலகையில் ஒரு சின்னத் தொந்தரவு. 14 மேசையும் நிறைந்தால் ஒன்பது கட்டம் போதவில்லை. மீதி மேசைகள் வெளியே காத்திருப்பதைத் திரையின் அடியில் '5 பாக்கி' என்று காட்டுகிறோம். மேடையில் நிற்கும் பெரியம்மா பழகிக்கொண்டார். படம் வைத்ததும் அவருக்கு உதவியாக இருக்கிறது, கண்ணாடி போடாமலே பார்க்கிறார்.

இன்னும் தீராதது மீன். சீலா தீர்ந்துபோனது அடுப்படிக்குத் தெரியும், சப்ளையருக்குத் தெரியாது. அவர் ஆர்டர் எடுத்து, நான் அடித்து, திரையில் விழுந்து, பெரியம்மா பார்த்து, "சீலா இல்லையே" என்று திரும்பிச் சொல்வதற்குள் மேசையில் இருப்பவர்கள் பத்து நிமிடம் காத்திருந்துவிடுகிறார்கள். இதற்கு என்ன வழி, கீழக்கரைக் காக்கா (அண்ணா)?

கீழக்கரை அடுப்படி

முதலில் தொண்டிக்காரருக்கு: நீங்கள் சொன்னது சரி. நான் மேடையில் நின்றவன், மாவில் கை வைத்தவன் இல்லை.

சகோதரி, மீனுக்கு இறங்குமுக எண்ணிக்கை வையுங்கள். காலையில் மீன் வெட்டியதும் எத்தனை துண்டு என்று கல்லாவில் அடித்துவிட வேண்டும். ஆர்டர் விழும்போதே எண் குறையும், பொரித்த பிறகு குறைத்தால் பிரயோசனமில்லை. அந்த எண் சப்ளையர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும், ஆர்டர் எடுக்கப் போகும் வழியில். 3-க்கு வந்ததும் கட்டம் தடிக்கட்டும். 0 ஆனதும் கல்லாவில் அந்தப் பெயரை அடிக்கவே முடியாமல் பூட்டிவிடுங்கள். உடைந்துபோன துண்டு, வீட்டுக்கு எடுத்தது எல்லாம் கழிக்க மேடையிலும் ஒரு விசை வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளில் கணக்கு பொய்யாகி, யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை வருகிறதே, அப்போது நாட்டுப்படகில் என்ன வருகிறதோ அதுதான் மீன். தினமும் பட்டியல் மாறும். அதனால் மீன் பெயரைக் கட்டத்தில் நிரந்தரமாக எழுதிவிடாமல், காலையில் நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுகிற மாதிரி தம்பியைச் செய்யச் சொல்லுங்கள்.

மண்டபம் கல்லாக்காரி

சரி காக்கா, தம்பியிடம் சொல்லிவிட்டேன். துண்டுக் கணக்கு பெரியம்மா வாயில் ஏற்கெனவே இருக்கிறது, வெட்டி முடித்ததும் அவரே சத்தமாகச் சொல்வார், இதுவரை நான்தான் எழுதிவைக்கவில்லை. இன்று சீலா 26, விளமீன் 18. கணவாயைத் துண்டாக எண்ண முடியாது, தட்டாகத்தான் எண்ண வேண்டும். ஒரு கிலோ கழுவி நறுக்கினால் எத்தனை தட்டு நிற்கிறது என்று நாளைக் காலையில் பெரியம்மாவோடு உட்கார்ந்து நிறுத்துப் பார்க்கிறேன்.